ஜோடியாகத் தொலைந்தவை

சாய்ராவின் வீட்டில் கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஏழு கையுறைகள் தொங்கின. ஏழும் ஒற்றை. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜிபெக்கின் கைங்கர்யம் அது. காலையில் இரண்டு மாட்டிக்கொண்டு போவாள், மத்தியானம் ஒன்றோடு வருவாள். இன்னொன்று எங்கே என்று கேட்டால், "அது அங்கயே இருக்கும்மா" என்பாள், என்னவோ அது சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்ட மாதிரி.

மகன் பாயெல் நாலாம் வகுப்பு. அவன் சமாசாரம் வேறு. அவன் தொலைத்தால் ஜோடியாகத்தான் தொலைப்பான். அக்டோபரில் பென்சில் டப்பா, உள்ளே இருந்த அத்தனை பென்சிலோடும். நவம்பரில் ஒட்டக மயிர்க் கையுறை, இரண்டும். பிறகு வகுப்புக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பு, அதை வைக்கிற துணிப்பையோடு. டிசம்பரில் ஜாமெட்ரி பெட்டி. மூடியோடு, உறையோடு, ஒன்று குறையாமல் தொலைப்பான். இந்த வித்தியாசத்தைச் சாய்ரா அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. உருளைக்கிழங்குக் குழியில் குந்தியிருந்துவிட்டு வருகிறவளுக்கு ஒற்றை எது, ஜோடி எது என்று ஆராய்கிற தெம்பு எங்கே இருக்கும்?

அதற்காக அவள் சும்மாவும் இருக்கவில்லை. எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் பெயர் தைத்தாள். செருப்பின் அடியில், ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீல பெயிண்டால் எழுதினாள். கதவோரம் ஒரு அட்டைப்பெட்டி வைத்து, வந்ததும் எல்லாவற்றையும் அதில் போட்டுக் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டாள். 'பாயெலின் செருப்புப் பையை யாராவது பார்த்தீர்களா' என்று வகுப்பு வாட்ஸப்பில் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவள் பெயரைப் பார்த்தாலே மற்ற அம்மாக்கள் கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். டிசம்பர் முடிவில் ஒரு வேலை செய்தாள். தடித்த கம்பளி நூலை முறுக்கி, அதன் இரண்டு முனையிலும் புதுக் கையுறைகளைத் தைத்து, கோட்டின் ஒரு கை வழியாக விட்டு மறு கை வழியாக எடுத்து, முதுகுப்பக்கம் நாலு தையலும் போட்டு இறுக்கினாள். தவழ்கிற பிள்ளைகளுக்குத்தான் அப்படித் தைப்பார்கள்.

"அம்மா, பசங்க சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும். கையுறை வீடு வந்து சேருமில்ல?"

"இனிமே தொலைக்க மாட்டேன்மா."

"நீயா? அப்படியே உங்கப்பன். கையில இருக்கறத வச்சுக்கத் துப்பு கிடையாது."

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பையன் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையுறை இரண்டும் முழங்கைக்குக் கீழே ஆட, வெளியே போனான். அப்பன் பேச்சு அந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்பது அவளே போட்ட இன்னொரு சட்டம்.

அவள் புருஷன் மெதெர் எல்லை தாண்டி எகாடெரின்பர்க் நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். பிள்ளைகள் இரண்டும் போனுக்கு அடித்துக்கொள்ளும். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் கூப்பிடாமல் குரல் செய்தி அனுப்பினான். 'சாய்ரா, இத நேர்ல சொல்ற தைரியம் இல்ல, இங்க ஒருத்திகூட' என்கிற வரைக்கும் கேட்டாள். அது நாலு நிமிஷச் செய்தி, அவள் கேட்டது அரை நிமிஷம். மிச்சத்தை அழித்தாள், அவன் எண்ணை பிளாக் செய்தாள். பிள்ளைகளிடம், "அப்பா காட்டுக்குள்ள மரம் வெட்டற வேலைக்கு மாறிட்டாரு. அங்க சிக்னல் கிடைக்காது" என்றாள். ஊருக்கும் அதேதான். ஜிபெக், அங்கே கரடி இருக்குமா என்று கேட்டாள். பாயெல் எதுவும் கேட்கவில்லை. நம்பிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் ஊரான சார்-புலாக்கில் பனிக்காலத்தில் பெண்களுக்கு வேலை என்றால் உருளைக்கிழங்குக் குழிதான். கொச்கோர்ப் பள்ளத்தாக்கில் பனி குறைவு, காற்று அதிகம். அந்தக் காற்று எலும்பைத் தேடி வரும். ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி, வைக்கோல் பரப்பி, இலையுதிர்காலத்தில் கொட்டி வைத்த கிழங்கை நவம்பர் கடைசியில்தான் வியாபாரி திறப்பான். அதுவும் வெயில் இருக்கிற நேரத்தில்தான். குளிர் உள்ளே இறங்கினால் கிழங்கு கறுத்து இனித்துப்போகும். பெண்கள் ஏணியில் இறங்கி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முளையைக் கிள்ளி, விதைக்கு ஒரு குவியல், லாரிக்கு ஒரு குவியல், மாட்டுக்கு ஒரு குவியல் என்று பிரிப்பார்கள். மண்ணின் ஈரம் கையுறையைத் தாண்டி நகக்கண்ணுக்குள் போகும். வாய்க்கு மட்டும் குளிர் கிடையாது.

சாய்ராவுக்கு எதிர் வாளி நுர்சுலுவுடையது. நுர்சுலுவின் புருஷனும் மெதெரும் ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள். அவள் மகன் தாலாயும் பாயெலும் ஒரே வகுப்பு. இந்த வருஷம் நுர்சுலு வழக்கத்துக்கு மாறாகத் தாராளமாக இருந்தாள். மத்தியானம் ரொட்டியில் வெண்ணெய் தடவி முதல் துண்டைச் சாய்ராவுக்கு நீட்டுவாள். மெதெரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அதைச் சாய்ரா நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் குழியின் வாயில் ஒரு சின்னப் பெண் வந்து நின்று மூச்சிரைக்கக் கத்தினாள்.

"சித்தி! சூயுன்ச்சு! சூயுன்ச்சு குடுங்க!"

கிழங்கு பிரித்த கைகள் அப்படியே நின்றன. நல்ல சேதி கொண்டுவந்தவர் சூயுன்ச்சு கேட்டால், என்ன சேதி என்று கேட்பதற்கு முன்னால் கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும். மூலையில் இருந்தவள் எழுந்து, தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துண்டை அவிழ்த்துச் சுருட்டி மேலே எறிந்தாள்.

"சொல்லுடி சீக்கிரம்!"

"மாடு கன்னு போட்டிருச்சு! கிடேரி!"

"அடி சக்கை! ஆனா துண்டு போச்சே, இனி சாயங்காலம் வரைக்கும் மொட்டத் தலையோட உக்காருவியா?" என்று ஒருத்தி கேட்க, "கிடேரிக்குத் தலையையே குடுக்கலாம்" என்றாள் அவள். குழி முழுக்கச் சிரிப்பு. சாய்ராவும் சிரித்தாள்.

பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் தொப்பி தொலைந்தது. முந்தின வருஷம் மெதெர் அனுப்பிய கடைசிப் பார்சலில் வந்த நரித்தோல் தொப்பி, காதை மூடிக் கட்டுகிறது. பாயெல் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். அன்றைக்கு வெறும் தலையோடு, காது இரண்டும் பீட்ரூட் நிறத்தில், வாசலில் வந்து நின்றான். உள்ளே வராமல் வெகுநேரம் வாசலிலேயே நின்றான் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

"தொப்பி எங்கடா?"

"தொலஞ்சுபோச்சு."

"எங்க?"

"தெரியல."

"தலையில இருந்த தொப்பி தெரியாமப் போகுமாடா? யாரு எடுத்தது? சொல்லு!"

"யாரும் எடுக்கல. தொலஞ்சுபோச்சு."

அவள் கையில் அகப்பை இருந்தது. தோளில் ஒன்று, முதுகில் ஒன்று போட்டாள். அவன் அழவில்லை. ஜிபெக்தான் அழுதாள். "நான் குடுக்கறேன்மா, என் தொப்பிய அண்ணனுக்குக் குடுக்கறேன்" என்று இளஞ்சிவப்புக் குல்லாவைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

அவன் அந்தத் தொப்பியைத் தொலைக்க மாட்டான். இது மட்டும் சாய்ராவுக்கு நிச்சயம். அப்படியானால் திருட்டு. திருட்டு என்றால், கோட்டும் தொப்பியும் மாட்டுகிற அறை யார் பொறுப்போ அவர்தான். பள்ளியில் அந்த அறையின் சாவி கென்ஜே அக்காவிடம் இருந்தது. ஐம்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மறுநாள் காலை, பிள்ளைகளை விட வந்த பெற்றோர் கூட்டத்துக்கு நடுவே சாய்ரா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அக்டோபர்ல இருந்து எம்மகன் சாமான் ஒன்னொன்னா போகுது. இந்த ரூமுக்கு வேற யாரு வராங்க?"

"யாரும் வரலம்மா. நான்தான் இருக்கேன்."

"அப்ப உங்களத்தான் கேக்கணும். நரித்தோல் தொப்பி உங்க கண்ணுக்குப் படாமயா போயிருக்கும்?"

கென்ஜே அக்கா அவளைப் பார்த்தார். பிறகு, அறையின் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பாயெலைப் பார்த்தார்.

"உள்ள வந்து தேடிப் பாரும்மா. என் பையையும் பாரு" என்றார். அவ்வளவுதான். அந்த அமைதியே சாய்ராவுக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரித் தோன்றியது. நேரே தலைமையாசிரியையிடம் போய் எழுதியே கொடுத்தாள். விசாரிக்கிறவரை சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள் என்று கென்ஜே அக்காவை அனுப்பிவிட்டார்கள். அவர் தன் தேநீர்க் குவளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க வாசலைத் தாண்டிப் போனார்.

இதையெல்லாம் முடித்துக்கொண்டு சாய்ரா குழிக்கு வரும்போது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. அன்றைக்கு அவள் வர மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பள்ளி விட்டு வந்த தாலாய், குழிமேட்டில் அம்மாவின் வாளியை மேலே இழுத்துக்கொண்டிருந்தான். அவன் தலையில் நரித்தோல் தொப்பி.

சாய்ரா ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள். மடிப்பைத் திருப்பினாள். சிவப்பு நூலில், அவள் கைத் தையல்: பாயெல்.

"திருட்டுப் பயலே! உன்னாலதான்டா நான் இன்னிக்கு ஒரு வயசான பொம்பளைய..."

"நான் திருடல சித்தி!"

"திருடாம இது எப்படிடா உன் தலைக்கு நடந்து வந்துச்சு?"

"அவன்தான் குடுத்தான். சூயுன்ச்சு!"

நுர்சுலு பாதி ஏணியில் ஏறி நின்றாள். "தாலாய், வாய மூடு" என்றாள்.

"அவன் பேசட்டும் நுர்சுலு. என்ன சேதிடா? என்ன சேதிக்கு இந்தத் தொப்பியக் குடுத்தான்?"

பையன் அம்மாவைப் பார்த்தான். சாய்ராவைப் பார்த்தான். காது சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

"தம்பி பொறந்திருக்கான்னு. எங்கப்பா போன்ல சொன்னாரு. மெதெர் சித்தப்பாவுக்கு ஆம்பளப் புள்ளன்னு."

சாய்ரா குனிந்து குழிக்குள் பார்த்தாள். உள்ளே ஆறு பெண்கள் இருந்தார்கள். ஆறு பேரும் தலையைக் குனிந்து, முளையே இல்லாத கிழங்கில் முளை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே தெரியும். அவள் கரடிக் காட்டில் மரம் வெட்ட அனுப்பிவைத்த மனிதனை இவர்கள் எல்லோரும் நாலு மாதத்துக்கு மேலாகக் கட்டடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"பென்சில் டப்பா?" என்றாள்.

"அது... சித்தப்பா நல்லா இருக்காருன்னு சொன்னப்ப."

"கையுறை?"

"உன்னப் பத்திக் கேட்டாருடான்னு சொன்னேன். செருப்புப் பை, கோடையில வர்றேன்னு சொன்னதுக்கு. ஜாமெட்ரி பெட்டி..." அவன் யோசித்தான். "மறந்துபோச்சு. நான் கேக்கவே இல்ல சித்தி. ஒரு தடவதான் வெளயாட்டுக்கு சூயுன்ச்சுன்னேன். அப்புறம் அவனே வந்து, 'இன்னிக்கு ஏதாவது சேதி இருக்கா, இந்தா வச்சுக்கோ'ன்னு முன்னாடியே குடுத்துருவான்."

நுர்சுலு மேலே ஏறி வந்துவிட்டாள். "சாய்ரா, இவன் இப்படி வாங்கறது எனக்குத் தொப்பி வந்த அன்னிக்குத்தான் தெரியும், சத்தியமா. திருப்பிக் குடுத்துட்டு வாடான்னு அனுப்பினேன். உம்மகன் வாங்க மாட்டேன்னுட்டான். சூயுன்ச்சு குடுத்தத திரும்ப வாங்குனா சேதி பொய்யாப் போயிரும்னு சொல்லிட்டானாம்."

சாய்ரா கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். வெட்கம் முதலில் வந்தது, ஊர் தெரிந்துகொண்ட வெட்கம். அது நின்றது ஒரு நொடிதான். அதற்குப் பின்னால் வந்தது வேறு. அப்பா நல்லாயிருக்கிறார் என்ற ஒரு வார்த்தைக்காக அவள் மகன் உடம்பில் இருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். அந்த வார்த்தைக்கு வழி அவள் பைக்குள் இருக்கிற போனில் இருந்தது. அதை அடைத்தவள் அவள். அடைத்தது போதாதென்று அடித்ததும் அவள்தான்.

தொப்பியைத் தாலாயின் தலையில் வைத்து, காதுப் பட்டையை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"இறுக்கிக் கட்டிக்கோ. காத்து அடிக்குது" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் கென்ஜே அக்காவின் வீடு. அவர் முற்றத்தில் காய்ந்த சாணத்தை அடுப்புக்கு மண்வெட்டியால் உடைத்துக்கொண்டிருந்தார். சாய்ரா படலுக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, தொப்பி கிடச்சிருச்சு. யாரும் எடுக்கல. நான்தான்..."

"எனக்குத் தெரியும்" என்றார் அவர், நிமிராமல்.

"என்னக்கா தெரியும்?"

"என் கண்ணு முன்னாடிதானே குடுத்தான். கையுறைல இருந்து தொப்பி வரைக்கும். தொப்பிய அந்தப் பையன் தலையில வச்சுட்டுக் குதிச்சான் பாரு, அப்படிக் குதிச்சான். அப்புறம் கம்பிகிட்ட வந்து, 'பெரியம்மா, எங்கம்மாகிட்ட சொல்லிராதீங்க, எங்கம்மாவுக்குத் தெரியாது'ன்னான்."

"காலையில அத்தன பேரு முன்னாடி கேட்டேனே, அப்பவாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா!"

"அத்தன பேரு முன்னாடி எதச் சொல்ல? உம்புருஷனுக்குப் புள்ள பொறந்திருக்குன்னா?"

"நாளைக்குக் காலையில நானே வந்து, அதே இடத்துல, எல்லார் முன்னாடியும் சொல்றேன். நான் சொன்னது பொய்னு சொல்றேன். என்னை மன்னிச்சிருங்கக்கா."

கென்ஜே அக்கா இன்னொரு கட்டியை உடைத்தார். "சாவிய வாங்கிக் குடு. மத்தத அப்புறம் பாக்கலாம். எனக்கு இன்னும் ஆறல." பிறகு சற்றுத் தணிந்து, "போ. பையன் முகத்தப் பாத்தா காலையில சாப்பிட்ட மாதிரி தெரியல" என்றார்.

வீட்டில் ஜிபெக் அடுப்போரம் உட்கார்ந்து ஏழு கையுறைகளையும் தரையில் வரிசையாக வைத்து அவற்றுக்குக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். பாயெல் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்றிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டான். அகப்பை பட்ட தோள்.

சாய்ரா பூட்ஸோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"தாலாயப் பாத்தேன்" என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் ஓடி வந்தேன். உங்கிட்டயும் சூயுன்ச்சு கேக்கலாம்னு. வழியெல்லாம் என்ன கேக்கறதுன்னு யோசிச்சுட்டே வந்தேன்."

"அப்புறம்?"

"வாசல்ல வந்ததும் நின்னுட்டேன். உனக்கு இது நல்ல சேதியான்னு தெரியல." அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இல்லன்னு தோணுச்சு. அதான் தொலஞ்சுபோச்சுன்னு சொன்னேன்."

சாய்ரா முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையில் மண் வாசனை. அவள் அழுவதைப் பார்த்து ஜிபெக் கல்யாணத்தை நிறுத்தினாள். அழுதது மெதெருக்காக இல்லை. அந்த அழுகையைச் செப்டம்பரிலேயே மாட்டுக் கொட்டிலில் வைத்து முடித்துவிட்டாள். இது, வாசலில் அத்தனை நேரம் வெறும் தலையோடு நின்று தனக்காக யோசித்த ஒன்பது வயதுப் பிள்ளையை அகப்பையால் அடித்ததற்காக.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அழுக்கு விரலுக்குத் திரை அசையவில்லை. பாவாடையில் விரலைத் தேய்த்துவிட்டுத் தேடினாள். அடைத்து வைத்திருந்த எண்கள் என்று ஒரு பட்டியல். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அடைப்பை நீக்கினாள்.

"பாயெல்."

அவன் திரும்பினான்.

"சூயுன்ச்சு" என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. போனைப் பார்த்தான். திரையில் அப்பாவின் படத்தைப் பார்த்தான், பழைய படம், குதிரையோடு நிற்பது. ஓடி வரவில்லை. அங்கேயே நின்று தன் பைகளைத் தட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பள்ளிப்பையைப் பார்த்தான், அதிலும் கொடுக்கிற மாதிரி எதுவும் மிச்சமில்லை.

"வேண்டாம்டா கண்ணு, சும்மாதான் கேட்டேன், வா, வந்து பேசு."

"சும்மா வாங்கக் கூடாதும்மா" என்றான் அவன். "பொய்யாப் போயிரும்."

கோட்டின் கைகளிலிருந்து தொங்கிய கையுறைகளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. அவள் முறுக்கிய நூல், அவள் போட்ட தையல், அவன் எதையும் தொலைத்துவிடக் கூடாது என்று இறுக்கியது. இன்னும் பலமாக இழுத்தான். பிறகு நூலை வாயில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு பக்கம் கடித்து அறுத்தான். மறு பக்கமும் கடித்து அறுத்தான்.

இரண்டையும் சேர்த்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டான்.